மறு: 'வரைகலை நிறுவி' என்ற ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

> சினாப்டிக், க்னோம் சாஃப்ட்வேர் இரண்டுமே சொடுக்கி மென்பொருள் நிறுவத்தானே? இரண்டையும் 'வரைகலை நிறுவி' என்றே வைத்துக்கொள்வோம்.

லினக்ஸ் கலைச்சொல் பட்டியலுக்கான இந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை ஐயா. இரண்டும் சன்னலாகத் திறக்கின்றன என்பதைத் தாண்டி ஒற்றுமை குறைவு.

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர் சி நிரல் ஒன்றைத் தொகுத்தபோது, ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தின் (லைப்ரரி) தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்று பிழை வந்தது. உபுண்டுவில் அதற்கு வேண்டிய பொதி (பேக்கேஜ்) லிப்எஸ்எஸ்எல்-டெவ். க்னோம் சாஃப்ட்வேரில் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காது. பெயர், படம், விளக்கம் தரும் ஆப்ஸ்ட்ரீம் என்ற விவரக்குறிப்போடு வரும் செயலிகளைக் காட்டவே அது எழுதப்பட்டது. நிரலகப் பொதிகளை அது பட்டியலிடுவதில்லை. சினாப்டிக்கில் அதே பெயரைத் தட்டியதும் பொதி வந்து நின்றது. எவற்றைச் சார்ந்திருக்கிறது, எந்தப் பதிப்புகள் உள்ளன என்பதெல்லாம் அங்கேயே தெரியும். பதிப்பைப் பூட்டிவைக்கவும் வழியுண்டு.

ஆகவே 'நிறுவி' என்பதை அனகோண்டா, கலமாரெஸ் போல இயங்குதளத்தை வட்டில் இறக்கிவிட்டு விடைபெறுபவற்றுக்கே விட்டுவிடலாம். க்னோம் சாஃப்ட்வேர், டிஸ்கவர் ஆகியவற்றுக்குச் 'செயலியகம்'. சினாப்டிக்குக்குப் 'பொதி கையாளி'. 'மேலாளர்' எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் விடுப்புக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. 'கையாளி'யில் அடியாள் வாடை வீசுவதாக ஒருவர் எழுதியிருந்தார். உலாவி, செருகி எல்லாம் பழகிய காதுக்கு இதுவும் பழகிவிடும். தவிர, சன்னலே இல்லாமல் கட்டளை வரியில் இயங்கும் ஆப்ட், டிஎன்எஃப் இரண்டுக்கும் இதே சொல் பொருந்தும். தேவைப்பட்டால் முன்னால் 'வரைகலை' சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டியலில் சினாப்டிக்குக்கான விளக்கக் குறிப்பில் 'நிரலாளர்களுக்கு ஏற்றது' என்று எழுதியிருப்பதையும் நீக்க வேண்டும். சினாப்டிக்கில் குறித்த பொதிகளைக் கோப்பாகச் சேமிக்கலாம், உண்மைதான். ஆனால் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாகத் திரையில்லாத சர்வருக்குள் நுழைகிறவருக்கு அது எதற்கு? மென்பொருள் சூழலை அமைக்கும் கட்டளைகள் கொண்ட டாக்கர் கோப்பில் 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' என்று ஒரு வரி எழுதி, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் சேர்த்துவிட்டால், யார் எதை எப்போது சேர்த்தார்கள் என்று குழு முழுவதும் பார்க்கலாம். வேறு இயந்திரத்திலும் அதே வரி ஓடும். சொடுக்கியதன் தடயம் அந்த இயந்திரத்தின் பதிவேட்டோடு நின்றுவிடும்; குழுவுக்குத் தானாக வந்து சேராது. பொதிகளைத் துழாவிப் பார்க்க ஏற்றது என்று குறிப்பிட்டாலே போதும்.

'செயலியகம்' நாவில் ஒட்டவில்லையென்றால் மாற்றுச் சொல் அனுப்புங்கள். 'கடை' மட்டும் வேண்டாம். அங்கே பெரும்பாலானவை இலவசம்.