மன்னர்கள் கொடுத்தது 3 துறைகள்தானே? மீதி எப்படி டெல்லிக்கு வந்தது?

மதுரை_தேர்வர்:
1947 ஆகஸ்டில் சமஸ்தான மன்னர்கள் கையெழுத்திட்ட இணைப்பு ஆவணத்தில் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மட்டும்தான் ஒன்றியத்துக்குப் போகிறது. வரப்போகும் அரசியலமைப்பை ஏற்க மன்னர் கட்டுப்பட்டவரல்ல என்று 7-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஆனால் 1950 ஜனவரிக்குள் எல்லாம் ஒரே அரசியலமைப்பின் கீழ் வந்துவிட்டன. கைடுகளில் "படேல் இணைத்தார்" என்று ஒரே வரி. நடுவில் என்ன நடந்தது?

பழைய_கெஜட்:
கையெழுத்து முதல் படிதான். அதற்குப் பிறகு 3 படிகள் இருக்கின்றன.

முதலில் ஒரு திருத்தம். எல்லாருக்கும் ஒரே ஆவணம் கிடையாது. 3 துறை ஆவணம் முழு அதிகாரம் கொண்ட சுமார் 140 சமஸ்தானங்களுக்கு. கத்தியவார், குஜராத் பக்கத்து 300-க்கும் மேற்பட்ட குட்டி எஸ்டேட், தாலுகாக்கள் மீதி அதிகாரத்தையும் அப்போதே மத்திய அரசிடம் விட்டுவிட்டன.

இரண்டாவது படி, 1947 டிசம்பரில் ஒரிசா, சத்தீஸ்கர் பகுதி மன்னர்களிடம் தொடங்கிய மெர்ஜர் ஒப்பந்தங்கள். இங்கேதான் மன்னர் ஆட்சியையே ஒப்படைக்கிறார். சில பக்கத்து மாகாணத்தில் கரைந்தன (புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ல் சென்னை மாகாணத்தில்). சில கூட்டாகச் சேர்ந்து சமஸ்தான ஒன்றியங்களாயின (சௌராஷ்டிரா). கட்ச் போன்றவை நேரடியாக மத்திய ஆட்சிக்குப் போயின.

மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது: 1948 மே மாதம் இந்தச் சமஸ்தான ஒன்றியங்களின் ராஜ்பிரமுகர்களை (ஒன்றியத்தின் தலைவராக இருந்த மன்னர்) டெல்லிக்கு அழைத்து, புது இணைப்பு ஆவணத்துக்கு ஒப்புதல் வாங்கினார்கள். வரிகள் தவிர மத்தியப் பட்டியலும் (மத்திய அரசு மட்டும் சட்டமியற்றும் துறைகள்) பொதுப் பட்டியலும் (இரு அரசுகளும் சட்டமியற்றும் துறைகள்) முழுசாகப் போயின. நான்காவது படி, 1949 நவம்பரில் ராஜ்பிரமுகர்களும் மன்னர்களும் அரசியலமைப்பை ஏற்றுப் பிரகடனம் வெளியிட்டார்கள். 7-ஆம் பிரிவின் கதை அதோடு முடிந்தது. 3 துறையிலேயே நின்றது ஜம்மு காஷ்மீர் ஒன்றுதான். அதற்குச் சிறப்பு நிலை தந்த அரசியலமைப்பின் 370-ஆம் பிரிவு வந்ததே அதனால்தான்.

கணக்கர்:
வரிகள் எப்படி வந்தன என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வி.டி. கிருஷ்ணமாச்சாரி குழு பரிந்துரைப்படி 1950 ஏப்ரல் 1 முதல் வருமான வரி, சுங்கம், ரயில்வே, படை எல்லாம் மத்திய அரசுக்குப் போயின. அதனால் மாநிலத்துக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பை 5 வருஷம் முழுசாகவும் அடுத்த 5 வருஷம் படிப்படியாகக் குறைத்தும் ஈடுகட்டினார்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் எந்த ராஜ்பிரமுகர் அரசும் சம்மதித்திருக்காது என்பது என் கணிப்பு.

மன்னர் மானியச் (ஆட்சியை ஒப்படைத்த மன்னருக்கு அரசு ஆண்டுதோறும் தந்த தொகை) சூத்திரம்: ஆண்டு வருவாயில் முதல் 1 லட்சத்துக்கு 15%, அடுத்த 4 லட்சத்துக்கு 10%, அதற்கு மேல் 7.5%. வருவாய் 20 லட்சம் என்றால் 15,000 + 40,000 + 1,12,500 = 1,67,500 ரூபாய். உச்சவரம்பு 10 லட்சம். மைசூர் (26 லட்சம்), ஹைதராபாத் (50 லட்சம்) உள்ளிட்ட சில பெரிய சமஸ்தானங்களுக்கு மட்டும் விலக்கு. மொத்தத் தொகைக்கும் 7.5% போட்டுவிடாதீர்கள், வழக்கமாகத் தப்பு அங்கேதான் வரும்.

சமஸ்தான_மக்கள்:
இரண்டு பேரும் காகிதத்தையே பேசுகிறீர்கள். மன்னர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தார்கள்? அகில இந்திய சமஸ்தான மக்கள் மாநாடு 1927-லேயே தொடங்கிவிட்டது. 1939 லூதியானா மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நேரு. ஊர் ஊராகப் பிரஜா மண்டலங்கள் (சமஸ்தான மக்களின் உரிமை அமைப்புகள்) இருந்தன. மைசூர் 1947 ஆகஸ்டிலேயே இணைந்தும் பொறுப்பாட்சி (மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் அரசு) தராததால் செப்டம்பரில் "மைசூர் சலோ" (மைசூருக்குப் புறப்படு) போராட்டம் வெடித்தது. மகாராஜா அடுத்த மாதமே பணிந்தார். பிரிட்டிஷ் படை முதுகுக்குப் பின்னால் இல்லாத மன்னருக்கு, மானியம் வாங்கிக்கொண்டு ஒதுங்குவது லாபமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

மதுரை_தேர்வர்:
ஹைதராபாத் இதில் எந்தப் படி சார்?

பழைய_கெஜட்:
முதல் படியான இணைப்பு ஆவணத்திலேயே நிஜாம் கையெழுத்திடவில்லை. இணைந்தவர்களுக்கு மட்டுமே ஸ்டாண்ட்ஸ்டில் ஒப்பந்தம் (இருக்கும் ஏற்பாடுகளை அப்படியே தொடரும் ஒப்பந்தம்) என்பது விதி. நிஜாமுக்கு மட்டும் விலக்குத் தந்து 1947 நவம்பர் 29-ல் ஓராண்டுக்குப் போட்டார்கள். 1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. 1949 நவம்பரில் நிஜாமும் பிரகடனம் வெளியிட்டார். மைசூர், ஜம்மு காஷ்மீர் போல ஹைதராபாத்தும் தனி 'பி' பிரிவு மாநிலமாகவே (முன்னாள் சமஸ்தானங்களுக்கு அரசியலமைப்பு அப்போது வைத்திருந்த வகை) 1950-க்குள் நுழைந்தது.