டையின் முதுகில் ஓடும் நூலுக்கு ஒரு சொல் வேண்டும்

தையல் வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்:

வணக்கம். கோயில் மண்டபத் தையல் வகுப்புக்காக ‘வீட்டிலேயே டை தைப்பது’ என்ற பாடத்தாள் சனிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். மற்றச் சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. டை, டைதான், ‘கழுத்துப்பட்டை’ என்றால் கழுத்து வலிக்காரர் மாட்டுவதுதான் கண்ணில் வருகிறது. நடுவில் வைக்கும் கம்பளித் துணி கேன்வாஸ், நுனியின் உள்பக்கத் துணி லைனிங். ஒன்றுதான் இடிக்கிறது. பின்பக்கம் இரண்டு மடிப்பும் சேரும் இடத்தில், அகல நுனிப் பக்கமிருந்து ஒடுங்கிய நுனிப் பக்கம்வரை கையால் கோக்கும் ஒரே நூல் இருக்கிறதே, ஆங்கிலத்தில் ‘ஸ்லிப் ஸ்டிட்ச்’, அதற்கு என்ன போடுவது? இப்போதைக்கு ‘ஓட்டுத் தையல்’ என்று எழுதியிருக்கிறேன்.

தையற்கடைக்காரர், சுங்கை சிப்புட்:

டீச்சர், அப்படி மட்டும் போட்டுவிடாதீர்கள். ‘தையல்’ என்று படித்ததும் பிள்ளைகள் கை தானாகவே நூலை இழுத்து இறுக்கும். டை மூலைவாட்டில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டிய துணி. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். நூல் நீளாது. முடிச்சை இறுக்கும்போது துணி நீள, நூல் உள்ளே நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். இறுக்கித் தைத்தால் முதுகு சுருங்கி நெளியும், இல்லாவிட்டால் கழுத்துப் பக்கம் நூல் அறுந்து முதுகு பிளந்துகொள்ளும். கடைசியில் 2, 3 செ.மீ. நூலை வளையமாக விட்டு மடிப்புக்குள் தள்ளிவிடுவது எதற்கு? நூல் நகர அதுதான் கையிருப்பு. ‘ஸ்லிப் நூல்’ என்றே போடுங்கள். எல்லாருக்கும் புரியும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோலா கங்சார்:

எல்லாருக்கும் புரியும் என்று விட்டுவிட்டுத்தான் இன்று ஊசியைத் தவிர எதற்கும் நம்மிடம் பெயரில்லை. ‘நழுவல் தையல்’ என்று வைக்கலாம். நூல் நழுவிக் கொடுப்பதால் பொருளும் பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பாளர், ஈப்போ:

ஐயா, புணர்த்தி எழுதிப் பாருங்கள்: நழுவற்றையல். ‘அற்ற’ என்று ஏதோ இல்லாமற்போன மாதிரி இருக்கிறது. வினைத்தொகையாக ‘நழுவுதையல்’ என்றால் வல்லினம் மிகாது. ஆனால் அச்சுக்குப் போகும்போது யாராவது ஒரு ‘த்’ போட்டு ‘நழுவுத்தையல்’ ஆக்கிவிடுவார்கள். ‘தையல்’ என்ற சொல்லே வேண்டாம் என்று கடைக்காரர் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நூலையே தலைச்சொல்லாக வைப்போம்: தளர்நூல், நழுவுநூல், ஓடுநூல்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோலா கங்சார்:

நூலை விட ‘இழை’ பழுத்த சொல். இழைதல், இழைத்தல், இழையோடுதல் மூன்றும் ஒரே குடும்பம். ‘ஓடிழை’ என்றால் என்ன குறை? டைக்கும் ஒரு வழி செய்யலாம். மலாய்க்காரர் ‘தாலி லேஹெர்’ என்கிறார்கள், லேஹெர் கழுத்து. தாலி நம் தாலிதானே! புறநானூற்று 77ஆம் பாட்டிலேயே சிறுவன் அணியும் தாலி வருகிறது. ஆண் கழுத்துக்குத் தாலி புதிதில்லை.

மொழிபெயர்ப்பாளர், ஈப்போ:

மலாய்த் ‘தாலி’ என்றால் வெறும் கயிறு, ஐயா. அது அந்த மொழிக்குடும்பத்துச் சொல். பிலிப்பைன்ஸ் வரை உறவுக்காரர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போனதற்காகச் சம்பந்தம் பேச வேண்டாம். அதுவும் மாணவர் தலைவர்கள் பள்ளிக்குத் தாலி கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதினால் தலைமையாசிரியர் அடிக்க வருவார்.

தையல் வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்:

சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேன். தாளில் உள்ளதை அப்படியே ஒட்டுகிறேன், சொல்லை இதற்குள் வைத்துப் பாருங்கள்:

“90 செ.மீ. அகலத் துணியில் 90 செ.மீ. வெட்டினாலும் மூலைக்கு மூலை 127 செ.மீ.தான் வரும். டைக்குச் சுமார் 147 செ.மீ. வேண்டும். ஆகவே மூன்று துண்டாக வெட்டி இணைக்கவும். துண்டுகளும் கேன்வாஸும் 45 பாகை மூலைவாட்டில் இருக்க வேண்டும். லைனிங் நுனியை மேல்துணியை விட 2 மி.மீ. சிறிதாக வெட்டினால் தையல் ஓரம் முன்பக்கம் எட்டிப் பார்க்காது. இரண்டு பக்கத்தையும் கேன்வாஸ் மேல் மடித்து, 5 செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்தவும். அகல நுனியிலிருந்து சுமார் 12 செ.மீ. மேலே கட்டுத் தையல் (ஒரே இடத்தில் பலமுறை குத்துவது) போட்டு ____ஐத் தொடங்கவும். மேல் மடிப்பு, கேன்வாஸ், கீழ் மடிப்பு மூன்றையும் ஊசி பிடிக்க வேண்டும். முன்பக்கத் துணியைத் தொடக் கூடாது. இடையில் ஒட்டுப் போடாமல் ஒரே நூலாகக் கோக்கவும்.”

கேன்வாஸை நேராக வெட்டிவிட்டால் தொங்கவிடும்போது டை திருகு மாதிரி சுழலும் என்பதையும் சேர்க்கப் போகிறேன்.

தையற்கடைக்காரர், சுங்கை சிப்புட்:

இன்னொன்றும் சேருங்கள்: ஓரத்தில் அயர்ன் பெட்டியை வைத்து அழுத்தக் கூடாது. ஓரம் உருண்டு நிற்க வேண்டும். ஆவி மட்டும் காட்டினால் போதும். கேன்வாஸ் மலிவாக வேண்டும் என்று ஒட்டும் பசைத் துணி வாங்கி வைத்தால் முடிச்சு பலகை மாதிரி நிற்கும்.

‘மூலைவாட்டம்’ நல்ல சொல். பால்மரம் (ரப்பர்) சீவின வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாய்வு வெட்டு சொல்லியே தர வேண்டாம். ஆனால் ஒட்டுக்கட்டின மரத்தில் கோடு 30 பாகைதான். அந்தப் பழக்கத்தில் துணியையும் 30இல் வெட்டினால் கதை முடிந்தது.

கோடிட்ட இடத்தில் ‘ஓடுநூல்’ வைத்துப் படித்தேன். “ஓடுநூலைத் தொடங்கவும்.” கொஞ்சம் பந்தயம் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. ‘தளர்நூல்’ என்றால் தளர்ந்து தொங்கும் நூல், வெட்டிப் போட வேண்டியது என்று நினைத்து வளையத்தையே கத்தரித்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர், ஈப்போ:

ஓடுநூலுக்கே என் ஓட்டும். முதலில் வரும் இடத்தில் ‘ஓடுநூல் (ஸ்லிப் நூல்)’ என்று ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு ஓடுநூல் மட்டும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோலா கங்சார்:

பெரும்பான்மை என்றால் நடக்கட்டும். ஆனால் கேன்வாஸை முதலில் பிடித்து வைக்கப் போடும் பெருந்தையலை இங்கே ஓட்டுத் தையல் என்றுதான் சொல்கிறார்கள். ஒரே தாளில் ஓட்டுத் தையல் ஒரு பக்கம், ஓடுநூல் ஒரு பக்கம். பிரிக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஓடிழைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தையல் வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அது உண்மைதான் ஐயா. அதனால் முதலில் போடுவதை ‘பிரிக்கும் தையல்’ என்று மாற்றி, அதைச் சிவப்பு நூலில் போடச் சொல்லியிருக்கிறேன். ஓடுநூல் டையின் நிறத்திலேயே வரும். தாள் இன்று மாலை அச்சுக்குப் போகிறது.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோலா கங்சார்:

சிவப்பு டையாக இருந்தால்?