அண்ணனுக்கு விஷம் வைத்த கனூட் மேல் ஏன் கோபம் வரமாட்டேன் என்கிறது?

தேவகோட்டை ரஸ்தா:
வின்லாண்ட் சாகா என்ற ஜப்பானியப் படக்கதையில் (மாங்கா) பண்ணைப் பகுதியை நேற்று ராத்திரி முடித்தேன். ஸ்பாய்லர் உண்டு, படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

டென்மார்க் ராஜாவின் மகன் கனூட்டை எந்தப் பக்கம் வைப்பதென்றே தெரியவில்லை. ஆரம்பத்தில் தன்னை வளர்த்த காவலன் ராக்னர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயே திறக்காத பையன். இப்போது சொந்த அண்ணன் ஹரால்டுக்கு விஷம் வைக்கிறான். பண்ணைக்காரர் கெட்டிலின் மகனை ஆள் வைத்துச் சீண்டி, வாளை உருவ வைத்து, ராஜத்துரோகம் என்று பட்டம் கட்டிப் பண்ணையைப் பிடுங்க வருகிறான். இத்தனையும் பார்த்த பிறகும் எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. ஹாஸ்டலில் கூட இருப்பவன் "மூஞ்சியை அழகாக வரைந்திருக்கிறார்கள், அதில் விழுந்துவிட்டாய்" என்கிறான். அவ்வளவுதானா?

பேரேட்டுக்காரன்:
மூஞ்சியும் ஒரு காரணம்தான் தம்பி, இல்லையென்று சொல்லமாட்டேன்.

நான் காரைக்குடியில் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். மகள் வாங்கி வைத்த புத்தகத்தைத்தான் எடுத்துப் படித்தேன். எனக்கு முதலில் கண்ணில் பட்டது கனூட்டின் செலவு. இங்கிலாந்தில் ஒரு படையை நிறுத்தி வைத்திருக்கிறான். அதற்குச் சோறு போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்துக்காரன் மேல் இன்னும் வரி போட்டால் கலகம் வரும். அப்படியானால் டென்மார்க்கில் செழிப்பாக இருக்கும் பண்ணையில் கை வைக்க வேண்டியதுதான். அந்த இடத்தில் என் விரல் தானாகவே கூட்டிப் பார்த்தது. கணக்கு நேராக வருகிறது! ஆசிரியர் யுகிமுரா நம்மை மாட்டிவிடும் இடம் அதுதான். வெறி பிடித்த ராஜா என்றால் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். இவன் போடும் கணக்கில் நமக்குத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

நிஜ வரலாறு இதற்கு நேர் எதிர். 1016இல் இங்கிலாந்துக்கு ராஜாவான கனூட், 1018இல் அந்த நாட்டிலிருந்தே 72,000 பவுண்டு வசூலித்தார், லண்டன் நகரம் தனியாக 10,500. அதை வைத்துப் படையில் பெரும்பகுதிக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு 40 கப்பலை மட்டும் வைத்துக்கொண்டார். ஹரால்டுக்கும் வரலாற்றில் விஷம் கிடையாது, அது யுகிமுரா வைத்தது. அதாவது குடிகளைப் பிழிந்த ராஜாவை, குடிகளைப் பிழியக் கூடாது என்பதற்காக அண்ணனையே கொல்கிற ராஜாவாக மாற்றியிருக்கிறார். நல்ல நோக்கத்தைக் கூட்டக் கூட்டப் பாவமும் கூடுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். என் அப்பத்தா வழியில் பெரியவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள். 1930களில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் லேவாதேவிக்காரர் கைக்கு வந்தது. அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் பேரில். "நாங்களா கேட்டோம், தானாக வந்தது" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஏட்டைப் பார்த்தால் ஒரு தப்பும் இருக்காது. வரப்பில் நின்றவன் என்ன நினைத்தான் என்று ஏட்டில் எழுத இடமும் இருக்காது. கெட்டில் பண்ணை வாசலில் கனூட் வந்து நிற்கும்போது எனக்கு அந்த ஏடுதான் ஞாபகம் வந்தது.

கோட்டையூர் ஆச்சி:
அண்ணே, வரவு செலவு சரி. ஆனால் விதை அங்கே இல்லை, பனியில் நடக்கும் காட்சியில் இருக்கிறது. ராக்னர் செத்த பிறகு, அவனைப் போல யார் என்னிடம் அன்பு காட்டினார்கள் என்று பையன் புலம்புகிறான். குடிகாரப் பாதிரியார் என்ன சொல்கிறார்? உன்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு கிராமமே வெட்டுப்பட்டபோது ராக்னர் சும்மா இருந்தான், அதற்குப் பெயர் அன்பில்லை, பாரபட்சம் என்கிறார். பையனின் கண் அங்கேதான் மாறுகிறது.

அன்றைக்குப் படித்த பாடத்தை அவன் மறக்கவே இல்லை. தன் ஆள் பிறத்தியாள் என்று பார்க்கக் கூடாதென்றால் அண்ணனையும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே? ஹரால்ட் சாகக் கிடக்கையில் இவனை நம்பி நாட்டையே ஒப்படைக்கிறான். படிக்கும்போது எனக்குக் குடலைப் பிசைந்தது. பாசமில்லாதவன் செய்தால் அது வெறும் கொலை. இவன் பாசத்தை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்கிறான். மாமிசத்துக்குப் பச்சிலை சேர்த்துச் சமைத்து, ராக்னர் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பையனும் இதே பையன்தான்.

அப்பன் ஸ்வெயினின் வெட்டுப்பட்ட தலை வந்து பேசுவதை நிறையப் பேர் பேய்க்காட்சி என்று தள்ளிவிடுகிறார்கள். கிரீடம் தலையில் ஏறிவிட்டால் அதன் விருப்பம்தான் நடக்கும் என்று அது இளிக்கிறதே, அதை இரண்டாம் முறை மெதுவாகப் படியுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி சொன்னபிறகு அந்தப் பனிக்காட்சியைத் திரும்பப் பார்த்தேன். சரிதான். ஆனால் கடற்கரையில் கதாநாயகன் தோர்ஃபின் நாலு வார்த்தை பேசியதும் பின்வாங்கிவிடுகிறானே, அது சட்டென்று நடந்த மாதிரி இல்லையா?

பேரேட்டுக்காரன்:
நாலு வார்த்தைக்கு முன்னால் நூறு குத்து இருக்கிறது தம்பி. அடி வாங்கி முகம் வீங்கிப்போய் வந்து நிற்கிறவன், நீ செய்வது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ போகவில்லையென்றால் நாங்கள் ஓடிவிடுவோம் என்கிறான்! உன் ராஜ்யத்தில் இடமில்லாதவர்களுக்கு வேறொரு இடம் உண்டாக்குகிறேன் என்கிறான். கனூட் அதற்கு முன்னால் அலையைப் பார்த்து நில் என்று அதட்டுகிறான் பாருங்கள். கனூட் ராஜா சொல்லியும் அலை நிற்கவில்லை என்ற பழைய கதையில் அது ராஜாவின் பணிவுக்கு அடையாளம். இங்கே அது கடவுள் மேல் போடும் வழக்கு. தன்னைப் போலவே அந்த வழக்கைப் போடும் இன்னொருத்தன், ஆனால் வாள் இல்லாமல், எதிரில் நிற்கிறான். சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

திருந்தினான் என்று எழுதாததுதான் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்துப் படையைக் கலைக்கிறேன் என்கிறான். எந்தச் செலவுக்காகப் பண்ணையைப் பிடுங்க வந்தானோ அந்தச் செலவையே அடித்துவிடுகிறான். ஹரால்ட் பேரில் எழுதிய பற்று, தீராத அந்தக் கடன், மட்டும் அப்படியே நிற்கிறது.

பள்ளத்தூரான்:
எல்லாரும் ராஜாவையே பேசுகிறீர்கள். பண்ணை அடிமைப் பெண் ஆர்ன்ஹெய்டை அடித்தே சாகக் கொடுத்தது கெட்டில். நாம் ஐயோ பாவம் என்று பார்த்த அதே பண்ணைக்காரர். கனூட்டுக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. அவன் கப்பல் வராமல் இருந்திருந்தால் கெட்டில் அப்படி ஆகியிருப்பாரா? அப்படியே ஆகியிருக்காவிட்டாலும் அவள் அடிமைதானே? எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை, யாராவது சொல்லுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:
ஆகியிருக்கமாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை தம்பி. திருடின பிள்ளைகளை அடிக்கும் காட்சியில் அவர் கை நடுங்கும், நினைவிருக்கிறதா? அங்கிருந்து ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், தனி இழையாகவே பேசலாம்.