முல்லை என்று வாங்கினேன், பூத்தது காக்கட்டான்

கொருக்குப்பேட்டையிலிருந்து:

எங்கள் மொட்டைமாடித் தொட்டியொன்றில் முல்லை வளர்வதாகவே இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். மாதவரம் போகும் வழியில் சாலையோரத்தில் செடி விற்றவர் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார். மார்கழியில் வெள்ளைப் பூக்கள் கொத்துக்கொத்தாக மலர்ந்தன. மணம் மட்டும் பேருக்கும் இல்லை. என் மாமியார் ஒரு பூவை முகர்ந்துவிட்டு, “இது காக்கட்டான்மா, சரத்துக்கு ஆகும், வாசனைக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

அதன்பிறகுதான் இலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முல்லையின் ஓர் இலையே சிற்றிலைகள் எனும் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும்: ஒரே காம்பின் நுனியில் பெரியது ஒன்றும், அதற்குக் கீழே இருபுறமும் காது மடல்களைப்போல மிகச் சிறிய சிற்றிலைகள் இரண்டும் இருக்கும். ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என்ற அதன் தாவரவியல் பெயரில் உள்ள இலத்தீன் சொல்லும் சிறு காதைத்தான் குறிக்கிறது. சில இலைகளில் அந்தக் காதுகள் இல்லாமலே போவதுண்டு என்பதால், ஓர் இலையை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. காக்கட்டானுக்கோ எல்லாமே தனி இலைகள். இளந்தண்டிலும் பூவின் அடியிலுள்ள பச்சைப் புல்லிகளிலும் மெல்லிய மயிர் படர்ந்திருப்பதை விரலால் தடவினாலே உணரலாம். குண்டுமல்லிக்கும் தனி இலைதான், ஆனால் அது பளபளப்பும் வழவழப்புமாக இருக்கும்.

பெரம்பூரிலிருந்து:

எனக்குக் குழப்பம் பெயரில்தான் வந்தது. நாகர்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா பிச்சிப்பூ கேட்க, அப்படியொரு பூவே வருவதில்லை என்று பூக்கார அக்கா சாதிக்க, கூடையில் இருந்த ஜாதிமல்லியைத்தான் அம்மா கேட்கிறார் என்பது விளங்கப் பல நாட்கள் ஆயின. அதன் இலை, பெரும்பாலும் 5 முதல் 9 வரையிலான சிற்றிலைகளாக இறகுபோலப் பிரிந்திருக்கும். மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

கொருக்குப்பேட்டை அக்கா எழுதியிருக்கும் மூன்று இலைக் கணக்கை வைத்துத்தான் நான் சென்ற ஆண்டு ஏமாந்தேன். பக்கத்து வீட்டில் பதியன் போட்டுக் கொடுத்த செடியில் கணுவுக்கு மூன்று இலைகள் இருக்கக் கண்டு, முல்லை என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். சித்திரையில் பூத்தது அடுக்குமல்லி. அதுவும் குண்டுமல்லியும் ஜாஸ்மினம் சம்பக் என்ற ஒரே இனத்தின் வகைகளே. அவ்வினத்தில் இலைகள் வழக்கமாக இரண்டிரண்டாக எதிரெதிரே நின்றாலும், சில செடிகளில் ஒரே கணுவைச் சுற்றி மூன்றாகவும் அமைவதுண்டு. அவை தனித்தனி இலைகள் என்பதால், ஒவ்வொன்றும் தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். முல்லையின் குட்டிக் காதுகளுக்கு அது கிடையாது. முழு இலைக்கும் சேர்த்துக் காம்படியில் ஒன்றே ஒன்றுதான். இப்போதெல்லாம் செடி வாங்கப் போனால் அந்தக் கக்கத்தைத்தான் முதலில் குனிந்து பார்க்கிறேன். செடிக்காரருக்கு அது பிடிப்பதில்லை.