மண்ணின் ஈரநடை: ‘வேனிலுலர்’ என்ற சொல்லும் கூடவே ‘வேருணக்கம்’ என்ற சொல்லும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் நனைந்து வெயில் காலத்தில் காயும் மண்ணைச் சொல்லும் ‘ஸெரிக்’ (xeric) என்ற மண்ணியல் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஒன்பது பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் ரயிலில் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அதிகம் பேர் ஆதரித்தது ‘வறள் ஈரப்பத ஆட்சி’. எனக்கு அது ஒப்பவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் நாற்றுத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ரோஸ்மேரி, லாவண்டர், ஆலிவ் எல்லாம் அவர்கள் கையில்தான் வளர்கின்றன. போன ஆண்டு ஒரு வரிசை ரோஸ்மேரி முழுவதும் செத்துப்போனது. தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னவள் நான். ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் களிபோல் வந்து விழுந்தது. வேர் பழுப்பாகிக் கையில் வழுக்கியது, சாக்கடை வாடை வேறு. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தச் செடிகள் பிறந்த மண்ணில் ஈரம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று தமிழில் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று. எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே சொல் இல்லாமல் நின்றுவிட்டேன்.

சரி, ஸெரிக் என்றால் என்ன? அமெரிக்க மண் வகைப்பாடு 1975இல் நூலாக வந்தது. மண்ணில் ஈரம் ஆண்டு முழுக்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து அது மண்ணைப் பிரிக்கிறது. வேர் புழங்கும் ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத்தான் பார்க்கிறது. நடுத்தர மண்ணில் அது சுமார் 10 முதல் 30 செ.மீ. வரை, மணலில் இன்னும் கீழே. கோடைக் கதிர்த்திருப்பத்துக்குப் (பகல் மிக நீண்ட நாள்) பிறகான 4 மாதங்களில் அந்த ஆழம் முழுவதும் தொடர்ந்து 45 நாளாவது காய்ந்து கிடக்க வேண்டும். குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்குப் (பகல் மிகக் குறுகிய நாள்) பிறகான 4 மாதங்களில் தொடர்ந்து 45 நாளாவது முழுவதும் ஈரமாக இருக்க வேண்டும். இயல்பான ஆண்டுகளில் இப்படி நடந்தால் அது ஸெரிக். மண்ணின் வெப்பத்துக்கும் சில நிபந்தனைகள் உண்டு, அவை இங்கே வேண்டாம்.

நம் மாதக் கணக்கில் சொன்னால், கலிஃபோர்னியாவில் மண் காய வேண்டிய அந்த 4 மாதம் ஆனி முதல் வாரத்திலிருந்து ஐப்பசி முதல் வாரம் வரை. நமக்கு ‘ஐப்பசி அடைமழை’. அங்கே நாலைந்து மாத வெயிலுக்குப் பிறகு முதல் தூறல் விழ ஆரம்பிப்பதே ஏறக்குறைய அப்போதுதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘வறள்’ என்பதை ஏற்கெனவே பாலைவன மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். அதே சொல்லை இதற்கும் வைத்தால் ராஜஸ்தான் மணலும் கிரேக்கத்து ஆலிவ் தோப்பும் ஒன்றாகிவிடும். அதைவிடப் பெரிய காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி போடுகிறோம். மாலையில் எடுக்கும்போது ‘உலர்ந்துவிட்டது’ என்கிறோம், ‘வறண்டுவிட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் ‘உலர்திராட்சை’ கேட்கிறோம். முன்பு ஈரமாக இருந்தது, இப்போது ஈரம் போய்விட்டது, திரும்ப நனைக்கலாம்: உலர்தலுக்குள் இந்த மூன்றும் இருக்கின்றன. நா வறள்வதும் ஈரம் போவதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். நா வறண்டவர் தவிக்கிறார், ஐயா. வறட்சியில் பற்றாக்குறை இருக்கிறது, பஞ்சத்தின் நிழல் இருக்கிறது. ஆலிவ் தோப்பு மண் ஆண்டுதோறும் நனைந்து ஆண்டுதோறும் உலர்கிறது. அதற்கு அது வழக்கம்.

சேர வேண்டிய இன்னொன்று பருவம். மழை எப்போது பெய்கிறது என்பதுதான் இங்கே எல்லாம். குளிர்காலத்தில் பெய்யும் மழைக்குப் போட்டி குறைவு: வெயில் மந்தம், செடி பாதி உறக்கம். அதனால் 500 மி.மீ. மழையானாலும் அது மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. ஒரு மீட்டர் ஆழ நல்ல மண் செடிக்குக் கிடைக்கும்படி சுமார் 150 மி.மீ. நீரை வைத்திருக்கும், மிச்சம் இன்னும் கீழே போகிறது. அப்புறம் வெயில் ஏறும்போது மழை நின்றுவிடுகிறது. வரவு ஒரு பருவத்தில், செலவு இன்னொரு பருவத்தில். சிங்கப்பூரில் இதை உணர்வது கஷ்டம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 2100 மி.மீ. பெய்கிறது, எல்லா மாதமும் பெய்கிறது, மண்ணுக்குக் காலியாக நேரமே கிடையாது. நான் ரோஸ்மேரிக்குத் தினமும் ஊற்றச் சொன்னதும் இந்தப் பழக்கத்தில்தான்.

பருவத்துக்கு ‘கோடை’ வைக்கலாமா ‘வேனில்’ வைக்கலாமா? கோடை என்றதும் நமக்குச் சித்திரை, வைகாசி, அக்னி நட்சத்திரம் எல்லாம் நினைவில் வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. வேனில் அந்த அளவுக்கு நாட்காட்டியோடு ஒட்டிக்கொள்ளவில்லை. ‘பாலை’ என்றே வைக்கலாம் என எழுதிய நண்பருக்குத் தனியாக நன்றி. சங்க மரபில் பாலை தனி நிலமாக இல்லை; முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து கொள்ளும் கோலம் அது. ஸெரிக்குக்கு இதைவிடப் பொருத்தமான கருத்து எனக்குத் தெரியாது. ஆனால் இன்று பாலை என்று எழுதினால் வாசிப்பவர் கண்ணில் ஒட்டகம்தான் தெரியும். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

இன்னொருவர் சொன்ன ‘மத்தியதரை ஈரநிலை’ என்பதையும் ஏற்க முடியவில்லை. மத்தியதரைக் கடலோரம், கலிஃபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப், தென்மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய, மத்தியதரைக் காலநிலை உள்ள ஐந்து இடங்களுக்கும் அந்தப் பெயர் சரிதான். (கரையோரப் பூந்தோட்டங்களின் ஃபிளவர் டோமில் இந்த ஐந்தின் செடிகளையும் ஒரே கூரைக்குக் கீழே பார்க்கலாம். எங்கள் தோட்டத்துப் பையன்களைக் கூட்டிப்போனபோது ஆலிவ் மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றார்கள்.) ஆனால் வாஷிங்டன் மாநிலத்தின் உள்ளே, குளிர் கடுமையான பலூஸ் கோதுமை வயல் மண்ணும் ஸெரிக்தான். காலநிலையின் பெயர் மண்ணுக்குப் பொருந்தாது.

ஆங்கிலத்தின் ‘regime’க்கு வைத்த ‘ஆட்சி’யை ஏன் விட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஈரம் மண்ணை ஆள்வதாக இங்கே யாரும் சொல்லவில்லை. ஏறுவதும் இறங்குவதும் ஆண்டுதோறும் ஒரே மாதிரி வருவதைத்தான் சொல்கிறோம். சித்த வைத்தியர் கையைப் பிடித்து நாடி நடை பார்க்கிறார். மண்ணுக்கும் அப்படி ஒரு நடை இருக்கிறது. ஆகவே ஈரநடை. முழுப் பெயர்: வேனிலுலர் ஈரநடை. அந்த அமெரிக்க வகைப்பாட்டில் உள்ள மற்ற நான்கு ஈரநிலைகளுக்கு நீர்தேங்கு நடை, நிறையீர நடை, அரையீர நடை, வறள் நடை என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். சிங்கப்பூர் நிறையீரம், தமிழ்நாட்டின் பெரும்பகுதி அரையீரம். இவற்றைப் பிறகு பேசலாம்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். மண்ணை உலர்த்துவது யார்? வெயில் என்றுதான் நான் எழுதியிருந்தேன். வரைவைப் படித்த எங்கள் தோட்டத்துச் சிவகங்கைத் தம்பி ஒருவர் சொன்னார்: “அக்கா, வெயிலு மேல் மண்ணத்தான் காய வைக்கும். மேல புழுதியாயிட்டா அடியீரம் அப்படியே நிக்கும். செடி இருந்தாத்தான் அடியீரம் போகும்.” மண் இயற்பியல் சொல்வதும் இதுவே. மேல் சில அங்குலம் காய்ந்ததும் கீழிருந்து நீர் ஏறிவரும் வழி அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆவியாகக் கசிவது மட்டும்தான், அதுவும் மிக மெதுவாக. ஆழத்து நீரை வெளியே கொண்டுவருவது வேர்.

அப்படியானால் ‘உலர்தல்’ மட்டும் போதாது, உலர்த்துபவருக்கும் ஒரு வினை வேண்டும். குறளில் உழவு அதிகாரத்தில் ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்று வருகிறது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் என்று பொருள். உணங்குதல் தானாகக் காய்வது, உணக்குதல் காயவைப்பது. மண் காய்வதைப் பற்றியே புழங்கிய சொல் நம்மிடம் இருக்கும்போது வேறெங்கே தேடுவது? வேர் மண்ணின் நீரை இழுத்து வற்றவைப்பதை வேருணக்கம் என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. ‘ஆவியாதலும் நீராவிப்போக்கும்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதும்போது யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது மறைந்துபோகிறது. இந்தச் சொல் அதைப் பிரித்துக் காட்டும்.

ஒரே மழை, ஒரே மண், செடி மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓராண்டுப் புற்கள் மழை நின்றதும் விதைத்துவிட்டுச் செத்துவிடுகின்றன. அவற்றின் வேர் எட்டாத ஆழத்தில் ஈரம் மிஞ்சுகிறது. அதே இடத்தில் மஞ்சள் பூ பூக்கும் நட்சத்திர முட்செடி புகுந்தால், ஒரு மீட்டருக்கும் கீழே வேர்விட்டு முழுக் கோடையும் அந்த மிச்சத்தைக் குடித்துவிடும். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே ஜாரா என்ற யூகலிப்டஸ் மரத்தின் வேர் 40 மீட்டர் வரை இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஆழமாக வேர்விடும் மரங்களை வெட்டிக் கோதுமை போட்ட இடங்களில் வேருணக்கம் குறைந்தது. எடுக்க ஆளில்லாத நீர் கீழே இறங்கி நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்தது, மண்ணுக்குள் காலம் காலமாகச் சேர்ந்திருந்த உப்பும் கூடவே மேலே வந்தது. வூட் என்ற ரயில்வே பொறியாளர் 1924லேயே இதை எழுதிவிட்டார். பெர்த்துக்குப் போய் உள்நாட்டுப் பக்கம் கார் ஓட்டியவர்கள் இந்தக் குழுவிலும் இருப்பீர்கள். பட்ட மரங்கள் நிற்க, வெள்ளை பூத்துக் கிடக்கும் நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். மழை குறைந்து அப்படி ஆகவில்லை. வேர் போனதால் ஆனது.

வேருணக்கத்துக்கு எல்லை எது? மண் நீரை 1500 கிலோபாஸ்கல் இழுவிசையில் பிடித்துக்கொண்டால் செடி மீளாமல் வாடும் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அது சூரியகாந்தி போன்ற பயிர்களை வைத்துக் கண்ட கணக்கு. ஆலிவ் அதைத் தாண்டியும் இழுக்கும். அதனால் ‘நிரந்தர வாடல் நிலை’ என்ற நம் வழக்கைக் குறிப்பில் அப்படியே வைத்து, எந்தச் செடிக்கு என்று பக்கத்தில் சேர்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. சில புதர்களின் ஆழவேர் பகலில் குடித்தது போக, இரவில் கீழ் நீரை மேலே கொண்டுவந்து காய்ந்த மேல்மண்ணில் விட்டுவிடுகிறது. அமெரிக்க மேற்கின் மணப்புதர்களில் (sagebrush) இதை ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். ‘வேர்நீரேற்றம்’ என்று ஒருவர் சொன்னார், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீர் ஏறுவதோடு நிற்கவில்லை, மேலே கொட்டவும் படுகிறது. கிணற்றிலிருந்து மொண்டு வாய்க்காலில் விடுவதை இறைத்தல் என்போம். வேரிறைப்பு என்று வைத்தால் இரண்டு வேலையும் ஒரே சொல்லில் வந்துவிடும். அந்தத் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். “ராத்திரி மொறை எறைப்பு மாதிரியா அக்கா?” என்றார். விளக்கம் தேவைப்படவில்லை.

வேருணக்கமா வேருணக்கலா என்பதில் எனக்கு இன்னும் ஒரு பக்கம் சாயத் தெரியவில்லை. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். ‘அடியீரம்’ போல ஊரில் வயதானவர்களிடம் வேறு சொற்கள் இருந்தால் தொலைபேசியில் கேட்டு அனுப்புங்கள், மேலே காய்ந்து நடுவில் மட்டும் ஈரம் நிற்கும் நிலைக்கு முக்கியமாக வேண்டும். குறிப்பு அடுத்த திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.