தெருவைப் பிடிக்க மீட்டர் வாங்கினேன், மாட்டியது என் வீடு

என் இருமலுக்குக் காரணம் வாசலில் ஓயாமல் ஓடும் வண்டிகள்தான் என்று வீட்டில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நிரூபிக்கத்தான் உள்ளங்கை அளவில் ஒரு பி.எம். 2.5 மீட்டர், அதாவது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களை அளக்கும் கருவி, வாங்கினேன். துகள்களில் பட்டு லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்குப் போடும் சாதாரண வகை. காதருகே வைத்தால் உள்ளே குட்டி விசிறி சுற்றுவது கேட்கும்.

ஜன்னலோரம் 35 காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராம். பார்த்தீர்களா என்று மீட்டரை ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போனால், அங்கே நான் அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன எண்ணெய் புகைந்துகொண்டிருக்கிறது. 60, 140, 310 என்று என் கண்ணெதிரே ஏறி, திரை சிவப்பாகிவிட்டது. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, கதவு சாத்தியிருந்த படுக்கையறையில்கூட 90. அதற்குள் புகை வாசனை சுத்தமாகப் போயிருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. இத்தனை நாள் மூக்கை நம்பியல்லவா ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்! கண்ணையும் நம்ப முடியாது. வெயில் கீற்றில் மிதப்பதாக நாம் பார்ப்பதெல்லாம் பெரிய தூசு. மீட்டர் அளக்கும் துகளோ தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

அடுத்தது இன்னும் வேடிக்கை. குழந்தைக்குச் சளி என்று இரவில் காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபையர் போட்டோம், சூடில்லாமல் அதிர்வால் பனிபோல் விடும் வகை. மீட்டர் 400-ஐத் தாண்டியது. பதறிப்போய் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பாதி உண்மை, அது நீர்த்துளியையும் துகளாக எண்ணிவிடும். மீதிப் பாதி, குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகள் துளி காய்ந்ததும் நுண்துகளாகக் காற்றில் நிற்பது. மேசையில் படிந்த வெள்ளைப் பொடியை அதுவரை நான் சுண்ணாம்புச் சுவரின் குற்றம் என்றே துடைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றிய அன்றே எண் மளமளவென்று இறங்கியது.

இப்போது அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே புகைபோக்கி விசிறியைப் போட்டுவிடுகிறேன், சமைத்து முடித்தும் கால் மணி நேரம் ஓடவிடுகிறேன். இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஜன்னலோரம் இன்னும் அதே 35தான், தெருவின் மேல் எனக்கிருக்கும் கோபமும் அப்படியே.