‘குவாரண்டைன்’: ஒரு சொல்லா, இரு சொல்லா?

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

செடி, விதை, மண், உயிருள்ள பூச்சி, பூஞ்சை வளர்ப்பு ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து வருவிக்க உரிமம் கேட்போருக்கான கையேடு ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘குவாரண்டைன்’ என்ற சொல்லை மூன்று பேர் மூன்று விதமாகப் பெயர்த்திருக்கிறோம்: தனிமைப்படுத்தல், தடுப்புக்காப்பு, தொற்றொதுக்கம். ஒன்றாக்கியே தீர வேண்டும். எந்தச் சொல்லைச் சொன்னாலும் கீழுள்ள மூன்று வாக்கியங்களிலும் பொருத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.

1. இந்த நூற்புழு ஒரு குவாரண்டைன் பெஸ்ட் (quarantine pest).
2. வந்திறங்கிய கன்றுகள் ஒரு வளர்பருவம் முழுதும் குவாரண்டைனில் இருக்கும்.
3. வேரில் மண் ஒட்டியிருந்தால் குவாரண்டைன் அதிகாரி சரக்கைத் திருப்பி அனுப்பலாம், அழிக்கவும் செய்யலாம்.

‘பெஸ்ட்’ என்பதற்கும் சேர்த்தே வழி சொன்னால் நன்றி.

பள்ளி ஆசிரியர்:

‘தனிமைப்படுத்தல்’ 2020க்குப் பிறகு எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த சொல்லைக் கைவிட்டுப் புதிது தேடுவது, வாசிக்க வருபவரை வாசலிலேயே நிறுத்துவது போல. பெஸ்டுக்குப் ‘பூச்சி’ போதும்.

தாவர நோயியலர்:

ஐயா, இரண்டையும் ஏற்க முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பூச்சி. பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் சொற்கோவையில் பெஸ்ட் என்பது செடிக்கோ செடிப்பொருளுக்கோ தீங்கு செய்யும் எந்தத் தாவர, விலங்கு இனமும், நோயுண்டாக்கும் எந்தக் காரணியும். களைச்செடி பெஸ்ட். பூஞ்சை பெஸ்ட். வைரஸ் பெஸ்ட். ‘பூச்சி இல்லை’ என்று நினைத்துக்கொண்டு ஒருவர் வைரஸ் பிடித்த ஒட்டுக்குச்சியை நல்ல மனத்தோடே பெட்டியில் வைத்துவிடுவார். பூச்சியில்லைதான், ஆனால் அதுதான் தடைக்குரியது.

அடுத்து தனிமைப்படுத்தல். முதல் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘தனிமைப்படுத்தல் பூச்சி’. யார் யாரைத் தனிமைப்படுத்துகிறார்கள்? குவாரண்டைன் பெஸ்ட் என்றால், ஒரு நிலப்பரப்பில் பொருளாதாரக் கேடு செய்யக்கூடியது, இன்னும் அங்கே வந்து சேராதது. அல்லது வந்திருந்தும் பரவலாகாமல் அரசின் கட்டுப்பாட்டில் இருப்பது. ஆகவே ஒரே புழு ஒரு நாட்டில் குவாரண்டைன் பெஸ்ட். எங்கும் பரவிவிட்ட இன்னொரு நாட்டில் வெறும் பெஸ்ட். கொடியதா என்பதல்ல, இங்கே இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொன்று. அதே சொற்கோவையில் ‘குவாரண்டைன்’ தனியாக ஒரு பதிவு, ‘பிளாண்ட் குவாரண்டைன்’ தனியாக இன்னொரு பதிவு. முன்னது, சோதிக்கவும் மருந்திடவும் கவனிக்கவும் ஆய்வு செய்யவும் ஒரு பொருளை அரசு அடைத்து வைப்பது. பின்னது, வரக்கூடாதவை வராமலும் பரவாமலும் தடுக்கும் எல்லா ஏற்பாடுகளும்: உரிமம், சான்றிதழ், துறைமுகச் சோதனை, அழிப்பு எல்லாம் அதற்குள். உங்கள் 2ஆம் வாக்கியம் முதல் பொருள். 1உம் 3உம் இரண்டாம் பொருள். ஆங்கிலம் ஒரு சொல்லால் ஒப்பேற்றுகிறது. தமிழிலும் அப்படியே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

இலக்கண ஆசிரியர்:

சொல்லின் வேரைப் பார்த்துவிட்டுக் கிளையைப் பார்க்கலாமே. வெனிஸ் பேச்சில் ‘குவாரண்டா’ என்றால் நாற்பது. கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல்கள் கரையேறாமல் காத்திருந்த நாள். அதற்கும் முன்னே, 1377இல் ரகூசா (இன்றைய துப்ரோவ்னிக்) நகரம் விதித்தது முப்பது நாள். அதன் பெயர் ‘திரெந்தீனோ’. எண் வளர்ந்தது, பெயரும் மாறியது.

நாற்பது நாளுக்குத் தமிழில் சொல் உண்டு: மண்டலம். மருத்துவத்தில் நாற்பது என்றும் நாற்பத்தெட்டு என்றும் வழங்கும். ஒரு மண்டலம் காத்திருந்தால் உடலில் இருப்பது வெளிப்படும் என்ற கருத்தும் ஒத்துப்போகிறது. ஆகவே ‘மண்டலக்காப்பு’. பொருளும் உண்டு, வரலாறும் உண்டு.

தாவர நோயியலர்:

அழகான சொல் ஐயா. ஆனால் இந்தத் துறையில் நாற்பது என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. அடைத்து வைக்கும் காலத்தை அந்தந்த நோயின் மறைநிலைக் காலம், அதாவது அறிகுறி காட்டாமல் உள்ளே இருக்கும் காலம், முடிவு செய்கிறது. மரக்கன்றுக்கு ஒரு வளர்பருவம் போதாமலும் போகலாம். வைரஸ் சோதனைக்கு, நோயை எளிதில் காட்டிக்கொடுக்கும் சுட்டுச்செடியில் ஒட்டுக்கட்டி அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டும். மேலும் ‘பெஸ்ட் இல்லாத மண்டலம்’ என்று கையேட்டில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே மண்டலம் நிலப்பரப்பு, இங்கே நாள்கணக்கு. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் என்ன ஆகும்?

தனித்தமிழ் அன்பர்:

‘விலக்கு’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க ஏன் அலைகிறோம்? தாவரம் என்பதும் ‘ஸ்தாவரம்’. அசையாமல் நிற்பது என்று பொருள், அசைவது சங்கமம். அதையே நம் மொழி ‘நிலைத்திணை’ என்று சொல்லிவிடும். ஆகவே பிளாண்ட் குவாரண்டைன், ‘நிலைத்திணை விலக்கு’. பெஸ்டுக்கு ‘பயிர்ப்பகை’. பயிர் என்ற சொல்லுக்குப் பழைய வழக்கில் அழைத்தல் என்ற பொருள்தான் முதன்மை, வயலில் வளர்வதைக் குறளில் வள்ளுவர் ‘பைங்கூழ்’ என்கிறார். அந்த வகையில் ‘கூழ்ப்பகை’ இன்னும் தூய்மை. ஆனால் இன்று கூழ் என்றால் வேறு நினைவு வரும் என்பதால் பயிர்ப்பகையோடு நிற்கிறேன்.

சுங்க முகவர்:

விலக்கு வேண்டவே வேண்டாம். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம் என்று பொருள். ‘தாவர விலக்கு’ என்று படிவத்தில் இருந்தால், ‘என் செடிக்கு விலக்கு இருக்கிறது, சோதனை தேவையில்லை’ என்றுதான் எவரும் படிப்பார். நேர் எதிர்ப் பொருள்!

சரக்கு எங்கே மாட்டுகிறது என்று சொன்னால் சொல் எங்கே துல்லியமாக இருக்க வேண்டும் என்பது புரியும். உரிமம் வருவதற்கு முன்பே செடியை அனுப்பச் சொல்லிவிடுவார்கள். உரிமத்தில் இனத்தின் தாவரவியல் பெயர், எந்த நாட்டிலிருந்து, எவ்வளவு, எந்த நுழைவிடம், என்ன நிபந்தனை என்றெல்லாம் இருக்கும். அதன் படியை ஏற்றுமதி செய்பவருக்கு அனுப்பினால்தான் அங்குள்ள தாவரப் பாதுகாப்பு அமைப்பு அந்த நிபந்தனைகளுக்கான கூடுதல் உறுதிமொழிகளைத் தான் தரும் தாவர நலச் சான்றிதழில் எழுதித் தர முடியும். அனுப்பாவிட்டால் சான்றிதழ் இருக்கும், உறுதிமொழி இருக்காது, இங்கே நின்றுவிடும். சான்றிதழில் கையால் அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் முத்திரை இல்லையென்றாலும் நின்றுவிடும். வணிகப் பெயர் மட்டும் எழுதி இனப்பெயர் விட்டிருந்தாலும் அப்படியே.

செடி சுத்தமாக இருக்கும், அடியில் இருக்கும் மரப் பாலெட் (சரக்கு அடுக்கும் பலகைத்தட்டு) மாட்டிக்கொள்ளும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூடு தொடர்ந்து 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். கதிர் வடிவச் சின்னம், நாட்டுக் குறி, தயாரித்தவர் எண், பதப்படுத்திய முறை நான்கும் பலகையில் பொறித்திருக்க வேண்டும். சூட்டுக்குப் பதில் மெதில் புரோமைடு என்ற நச்சுவாயு போட்டிருந்தால் குறி வேறு. இதை ‘புகையூட்டல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாயுவில் புகையே கிடையாது. ஆனாலும் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஈழத்து நண்பர்:

வணக்கம். பெஸ்டுக்கு எங்கள் பாடநூல்களில் ‘பீடை’ நிலைத்துவிட்டது. பீடைநாசினி, பீடைக் கட்டுப்பாடு என்று சேர்மானங்களும் இயல்பாக அமைகின்றன. வடசொல் என்ற காரணத்துக்காகத் தள்ளுவதாயின், வடவெழுத்து நீங்கித் தமிழெழுத்தோடு புணர்ந்தால் அது சொல்லாகும் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறாரே. ‘பீடா’ பீடையாகி எத்தனை நூற்றாண்டு!

மொழிபெயர்ப்பாளர்:

உங்கள் பக்கம் அது துறைச்சொல். தமிழ்நாட்டு வாசகருக்கோ பீடை என்றால் துரதிர்ஷ்டம், ஆகாத காலம். ‘உங்கள் செடியில் பீடை உள்ளது’ என்று கடிதம் போனால் வசவு என்று எடுத்துக்கொள்வார். இரண்டு கரையும் படிக்கும் கையேடு இது.

தாவர நோயியலர்:

பயிர்ப்பகை காதுக்கு இனியது, சுருக்கமும்கூட. ஆனால் காட்டு மரமும் அலங்காரச் செடியும் பயிரல்ல. அவற்றைத் தின்பதும் சட்டத்துக்குள் வருகிறது. ‘தீங்குயிரி’ என்று வைத்து, ‘வைரஸ் உள்ளிட்ட நோய்க்காரணிகளும் களைகளும் இதில் அடங்கும்’ என்று வரையறையில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

‘மண்’ பற்றி எவரும் பேசவில்லை. அது எளிய சொல் என்பதால்தான் பயமாக இருக்கிறது. உருளைக்கிழங்கின் கூட்டுநூற்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்புழு செத்ததும் அதன் தோலே தடித்துப் பழுப்புக் கூடாகிவிடும். அரை மில்லிமீட்டர் உருண்டை, கடுகைவிடச் சிறியது. வேர்மடிப்பில் ஒட்டிய மண்ணோடு மண்ணாக இருக்கும். கண் பழகியவருக்கும் லென்ஸ் வேண்டும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. கிழங்குச்செடியே இல்லாத நிலத்தில் இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே ‘மண் நீக்கிய வேர்’ என்று எழுதாதீர்கள். உதறினால் போதும் என்று தோன்றிவிடும். ‘மண் அறவே இல்லாதபடி கழுவிய வேர்’ என்று எழுதுங்கள். மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க இடும் நார்த்தூள், பாசி முதலியவை ‘வளர்ப்பூடகம்’. அதை மண் என்ற சொல்லுக்குள் அடக்கினாலும் தப்பு, விட்டாலும் தப்பு. தனித்தனி நிபந்தனை. ஆய்வகத்துக்கு மண்மாதிரி வருவிப்பவர் மீந்த மண்ணை மட்டுமல்ல, உறையையும் கழுவிய நீரையும் சேர்த்து நுண்ணுயிர் நீக்க வேண்டும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) 121 பாகை என்பதோடு நிறுத்தினால், பை நிறைய மண்ணை ஒரே கட்டியாகத் திணித்துவிடுவார்கள். நடுவில் சூடு ஏறவே ஏறாது. மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

இலக்கண ஆசிரியர்:

சரி, மண்டலத்தைக் கைவிடுகிறேன், மனமில்லாமல். ‘தடுப்புக்காப்பு’ பற்றி ஒரு தெளிவு. தடுப்பும் காப்பும் ஒன்றுதானே, ஏன் இரட்டிப்பு என்று கேட்கலாம். தடுப்பால் ஆகிய காப்பு என்று மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொண்டால் பழுதில்லை. க் மிகுவதும் சரி. ஆனால் ‘தடுப்புக்காவல்’ என்ற சட்டச்சொல் பக்கத்திலேயே நிற்கிறது, கடைசி ஈரெழுத்துதான் வேற்றுமை. கவனம் தேவை.

தனித்தமிழ் அன்பர்:

அந்த மயக்கம் தீர ‘தடுகாப்பு’ என்று வினைத்தொகையாக்குங்கள். ஊறுகாய், சுடுகாடு போல. ஒற்று மிகாது, ஐந்து எழுத்தில் முடிந்துவிடும். விலக்கை விட்டுவிட்டேன். முகவர் சொன்னது நியாயம்.

பள்ளி ஆசிரியர்:

தொற்றொதுக்கம் என்ற மூன்றாவதையும் எடுத்துவிடுங்கள். ஒதுக்கி வைத்தல் என்ற சொல் மனிதரை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். தனிமைப்படுத்தல் பற்றி நோயியலர் அம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2ஆம் வாக்கியத்துக்கு அதுதானே சரி?

தாவர நோயியலர்:

அங்கேயும் சிக்கல் உண்டு ஐயா. அடைப்புக்கூடத்துக்குள்ளேயே ஒரு வகைச் செடிக்கும் மற்றதற்கும் இடைவெளி விடுவதைத் ‘தனிமைத் தூரம்’ என்று தனியாகக் குறிக்கிறோம். அடைத்து வைப்பதற்கு ‘தடுத்துவைப்பு’ என்று நேற்று எழுதிப் பார்த்தேன். அது டிடென்ஷனுக்குப் போய்விடுகிறது. ஆவணம் வரும்வரை சரக்கை நிறுத்தி வைப்பதற்கு அந்தச் சொல் வேண்டும். ‘காப்பிருப்பு’ என்று சொல்கிறேன். ‘கன்றுகள் ஒரு வளர்பருவம் காப்பிருப்பில் இருக்கும்.’

வேறு இரண்டு இடம் உடனே திருத்த வேண்டியவை. ‘தீங்குயிரியின் அறிமுகம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். சொற்கோவையில் அது வெறும் நுழைவல்ல, நுழைந்து நிலைகொண்டுவிடுவது. ‘புகுந்து நிலைத்தல்’ என்று எழுதுங்கள். அடுத்தது இன்னும் கடுமை: ‘ரிலீஸ்’. சோதனை முடிந்து சரக்கை வெளியே விடுவதும் ரிலீஸ். நன்மைசெய்யும் பூச்சியைத் திறந்தவெளியில் பறக்கவிடுவதும் ரிலீஸ். இரண்டுக்கும் ‘விடுவிப்பு’ என்று போட்டிருக்கிறது. ஒட்டுண்ணிக் குளவி வருவித்த ஆய்வாளர் ‘விடுவிப்பு ஆணை’ கிடைத்ததும் பெட்டியை வயலில் திறந்துவிட்டால்? அவரைக் குறை சொல்ல முடியாது. சரக்குக்கு ‘விடுவிப்பு’, உயிரிக்கு ‘வெளியில் திறந்துவிடல்’.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி, எல்லோருக்கும். எண்ணிப் பார்த்ததில் நால்வர் தடுப்புக்காப்பு, ஒருவர் தடுகாப்பு. காப்பிருப்புக்கு நோயியலர் அம்மாவும் ஈழத்து நண்பரும் மட்டுமே. ஆகவே கையேட்டில் இப்படிப் போகிறது: ஏற்பாடு முழுமைக்கும் ‘தாவரத் தடுப்புக்காப்பு’, அடைத்து வைப்பதற்கு ‘தடுப்புக்காப்பில் வைத்தல்’ என்று வினையாக, 1ஆம் வாக்கியத்துக்கு ‘தடுப்புக்காப்புக்குரிய தீங்குயிரி’. சொல்லடைவில் பீடையும் தனிமைப்படுத்தலும் ‘காண்க’ என்று இருக்கும். விடுவிப்பு, புகுந்து நிலைத்தல், வேர் கழுவல், மண்ணை அடுக்காகப் பரப்புதல் நான்கும் இன்றிரவே திருத்தப்பட்டுவிடும்.

தாவர நோயியலர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கன்று ‘தடுப்புக்காப்பில்’ இருக்கிறது என்று படிப்பவர், கூடத்தில் அடைந்திருக்கிறதா அல்லது அந்தத் துறையின் கையில் எங்கோ இருக்கிறதா என்று கேட்பார். காப்பிருப்பு வேண்டாமென்றால், அந்தச் சொல் வருமிடமெல்லாம் ‘அடைப்புக்கூடத்தில்’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொடுங்கள். 7ஆம் பக்கப் படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது; பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தனித்தமிழ் அன்பர்:

சொல்லடைவில் தடுகாப்புக்கும் ஒரு ‘காண்க’ கிடைக்குமா?